எரிந்த ஸ்பென்சர் எழுந்து நின்ற கதை!

சென்னையில் ஸ்பென்சரைத் தெரியாதவர் உண்டா?

பஸ் கண்டக்டரிடம் "ஒரு ஸ்பென்சர் குடுப்பா" என்றால் போதும். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். "எந்த ஸ்பென்சர்?" என்று கேட்க மாட்டார். ஆட்டோக்காரரும் கேட்க மாட்டார். அண்ணா சாலையில் அது ஒரு கடையின் பெயர் மட்டும் அல்ல. ஓர் இடத்தின் பெயர்!

ஆனால் அந்தப் பெயருக்கு உரிய கட்டடம் ஒன்று அல்ல. முதலில் துரைமார் கடை இருந்தது. தீயில் எரிந்தது. அதே இடத்தில் ஏர் கண்டிஷன் செய்த பெரிய வணிக வளாகம் எழுந்தது. ஊரே திரண்டு வந்தது. பிறகு கூட்டம் குறைந்தது. இப்போது பல ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கின்றன.

"இடிச்சிட்டுப் புதுசா கட்ட வேண்டியதுதானே?" என்று அந்த வழியாகப் போகிறவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது அவ்வளவு சுலபம் அல்ல. ஏன் என்று பார்க்க வேண்டும் என்றால், கதையை முதலில் இருந்து பார்க்க வேண்டும்.

துரைமார் கடை

அண்ணா சாலைக்கு அப்போது மவுண்ட்ரோடு என்று பெயர். கோட்டையில் இருந்து பரங்கிமலைக்குப் போகிற சாலை. ஆங்கிலத்தில் மலைக்கு "மவுண்ட்" என்று பெயர் அல்லவா? அதனால் மவுண்ட்ரோடு. அறிஞர் அண்ணா 1969-ம் ஆண்டில் மறைந்த பிறகு அவருடைய பெயரை வைத்தார்கள். ஆனாலும் பழைய ஆட்கள் வாயில் இன்னமும் மவுண்ட்ரோடுதான்.

இந்தச் சாலையில் 1863-64-ம் ஆண்டு வாக்கில் இரண்டு வெள்ளைக்காரர்கள் கடை போட்டார்கள். ஒருவர் சார்லஸ் டுரான்ட். இன்னொருவர் ஜே.டபிள்யூ. ஸ்பென்சர். கடைக்குப் பிந்தியவரின் பெயரே நிலைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. ஸ்பென்சரின் புகழ்பெற்ற மாளிகையைக் கட்டியவர் ஸ்பென்சர் அல்ல! அவர் பெயர் யூஜின் ஓக்ஷாட். கம்பெனி இவர் கைக்கு வந்தது. அவர் நினைத்திருந்தால் தன் பெயரை மாட்டி இருக்கலாம். மாட்டவில்லை. ஸ்பென்சர் என்ற பெயரே ஜனங்கள் வாயில் ஓடிக்கொண்டு இருந்தது. ஓடுகிற பெயரை எந்த வியாபாரி மாற்றுவான்?

1895-ம் ஆண்டில் ஸ்பென்சர் பெரிய பல்பொருள் அங்காடியாக உருவெடுத்தது. ஒரே கடைக்குள் 80-க்கும் மேற்பட்ட பிரிவுகள்! துணிக்கு ஓர் இடம், மருந்துக்கு ஓர் இடம், ஒயினுக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்தார்கள். இந்தத் துணைக்கண்டத்திலேயே இப்படி ஒரு கடை அதற்கு முன்பு இல்லை என்று சொல்வார்கள்.

கடைக்காகப் புதிய கட்டடமும் எழுந்தது. அதை வரைந்து கொடுத்தவர் டபிள்யூ.என். போக்சன் என்ற கட்டடக் கலைஞர். ஐகோர்ட்டையும் எழும்பூர் மியூசியத்தையும் பார்த்து இருப்பீர்கள். அந்த மாதிரி. இந்தோ-சாரசெனிக் பாணி. நம் ஊர் வேலைப்பாட்டையும் முகலாயர் வேலைப்பாட்டையும் கலந்து வெள்ளைக்காரர்கள் கட்டிய தினுசு.

பின்புறம் பின்னி ரோடு பக்கம் கன்னிமாரா ஓட்டல். அதையும் ஓக்ஷாட் வாங்கிப்போட்டார். கன்னிமாரா பிரபு சென்னைக் கவர்னராக இருந்தவர். எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கும் அவர் பெயர்தான். சாமான் வாங்க முன்பக்கம். தங்க, சாப்பிடப் பின்பக்கம். ஒரே முதலாளி!

சோடாவும் சுருட்டும்

ஸ்பென்சரில் யார் சாமான் வாங்கினார்கள்?

வெள்ளைக்கார அதிகாரிகள் வாங்கினார்கள். ராஜாக்கள், ஜமீன்தார்கள் வாங்கினார்கள். பெரிய வக்கீல்கள் வாங்கினார்கள். டப்பாவில் அடைத்த சீமைச் சரக்கு கப்பலில் வந்து இறங்கும். அதைத் தேடி வண்டிகள் வந்து நிற்கும்.

நம் ஆள் உள்ளே போக முடியாதா? வாசலில் தடுப்பானேன்? விலையே தடுத்துவிடும்! வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனவர்களே அதிகம்.

ஆனால் கடைக்குள் போகாதவர்களையும் ஸ்பென்சர் விடவில்லை. எப்படி? சோடா மூலமாக! ஸ்பென்சர் சோடா ஊர் ஊராகப் போயிற்று. ரயில் மூலமாக! தென்னிந்திய ரயில்களிலும் பெரிய ஸ்டேஷன்களிலும் சாப்பாட்டு அறைகளை ஸ்பென்சர் நடத்தியது. சுருட்டு மூலமாக! திண்டுக்கல்லில் ஸ்பென்சருக்குச் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. அங்கே நம் தொழிலாளர்கள் சுருட்டிய சுருட்டு, கடல் கடந்து சீமைத் துரைமார் வாய்க்குப் போயிற்று.

பெங்களூர், ஊட்டி என்று பல ஊர்களில் கிளைகள். திருவனந்தபுரத்தில் ஒரு முச்சந்திக்கே "ஸ்பென்சர் ஜங்ஷன்" என்று பெயர்.

1947-ல் வெள்ளைக்காரன் போனான். கடை போகவில்லை. நின்றது. ஆனால் பழைய வாடிக்கைக்காரர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். சீமைச் சரக்கு வருவதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. தியாகராய நகரும் பாண்டி பஜாரும் வளர்ந்தன. மாளிகை பெரிசு, மவுசு சிறிசு. அப்படியே ஓடியது காலம்.

பத்து ஆண்டில் மூன்று தீ

சென்னைக்கு 1975 முதல் 1985 வரை ஒரு கெட்ட காலம். ஊருக்கே அடையாளமாக இருந்த மூன்று கட்டடங்களில் தீப்பிடித்தது.

முதலில் எல்.ஐ.சி. 1959-ல் திறந்த கட்டடம். "பதினாலு மாடி" என்று வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். 1975-ம் ஆண்டில் அதில் தீ பிடித்தது. ஆனால் கட்டடம் பிழைத்துக்கொண்டது. பழுது பார்த்தார்கள். இன்றும் நிற்கிறது.

அடுத்தது ஸ்பென்சர். 1983-ம் ஆண்டு. எல்.ஐ.சி.க்குக் கூப்பிடு தூரம்தான். பழைய மாளிகையைத் தீ தின்றுவிட்டது. போக்சன் வரைந்து, ஓக்ஷாட் கட்டி, சுமார் 90 ஆண்டு நின்ற கட்டடம். அதைப் பழுது பார்க்க வழி இல்லை. கதை முடிந்தது!

மூன்றாவது, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட். 1985 மே 30-ந் தேதி எரிந்தது.

இந்த மூன்றாவது தீயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஸ்பென்சரின் கதை விளங்க வேண்டுமானால் மூர் மார்க்கெட்டின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ரசீது இருந்தது, பத்திரம் இல்லை

மூர் மார்க்கெட்டும் ஸ்பென்சரும் ஏறத்தாழ ஒரே வயது. சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்டினார். 1900-ல் திறந்தார்கள். அதுவும் இந்தோ-சாரசெனிக் கட்டடம்தான்.

ஆனால் உள்ளே கதையே வேறு! ஸ்பென்சரில் விலை ஒட்டி இருக்கும். மூர் மார்க்கெட்டில் பேரம் பேச வேண்டும். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டுக் கிளி, வர்ண மீன், பீங்கான் பொம்மை. எது வேண்டும்? எல்லாம் கிடைக்கும். பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலை. சென்னைவாசிகள் மியூசியத்தை "செத்த காலேஜ்" என்பார்கள். மிருகக்காட்சி சாலையை "உயிர் காலேஜ்" என்பார்கள். உயிர் காலேஜைப் பார்த்துவிட்டு மூர் மார்க்கெட்டில் ஒரு சுற்று. வெளியூர்க்காரர்களுக்கு அதுதான் பட்டணம்.

தீக்குப் பிறகு என்ன ஆயிற்று? மூர் மார்க்கெட் திரும்ப எழவில்லை. அந்த இடத்தில் ரயில்வேயின் பல மாடிக் கட்டடம் வந்தது. புறநகர் ரயில்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. வியாபாரிகளுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வணிக வளாகத்தில் கடை கொடுத்தார்கள். ஸ்டேஷனுக்கு மிக அருகில்தான். ஆனால் கூட்டம் அந்தப் பக்கம் பழையபடி திரும்பவில்லை.

"எதுக்குப்பா இந்த இடத்துக்கு மூர் மார்க்கெட்னு பேரு? மார்க்கெட்டையே காணோமே?" என்று ரயில் ஏற வருகிற பிள்ளைகள் கேட்கும்படி ஆகிவிட்டது. பெயர் இருக்கிறது, மார்க்கெட் இல்லை.

ஏன் அப்படி? மூர் மார்க்கெட் கடைக்காரர்கள் வாடகைதாரர்கள். அவர்கள் கையில் இருந்தது வாடகை ரசீது. இடம் அவர்களுடையது அல்ல. அதனால் எரிந்த இடத்தில் என்ன கட்டுவது என்பதை முடிவு செய்தவர்களும் அவர்கள் அல்ல.

இதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடியும் மவுண்ட்ரோடுக்கு வருவோம்.

10 ஏக்கர், 10 லட்சம் சதுர அடி!

ஸ்பென்சர் எரிந்த இடம் சுமார் 10 ஏக்கர். பட்டணத்தின் நட்டநடுவில் 10 ஏக்கர் என்றால் சும்மாவா? பொன் விளையும் பூமி!

இடம் கம்பெனியுடையது. அதனால் முடிவும் கம்பெனியின் கையில். பழைய மாளிகையை அப்படியே திரும்பக் கட்டலாம் என்ற பேச்சுக்கு இடம் இல்லை. ஒரே முதலாளியின் ஒரே கடை என்ற காலமும் போய்விட்டது. அதே இடத்தில் நூற்றுக்கணக்கான கடைகள் கொண்ட வளாகம் கட்டும் வேலை தொடங்கியது.

இதற்கு நடுவில் கம்பெனியே கை மாறியது. 1989-ம் ஆண்டில் ஸ்பென்சர் கம்பெனி, கல்கத்தா கோயங்கா குடும்பத்தின் ஆர்.பி.ஜி. குழுமத்துக்குப் போயிற்று.

1991-ம் ஆண்டு! ஸ்பென்சர் பிளாசா திறந்தது.

வருடத்தைக் கவனியுங்கள். மத்திய நிதி மந்திரி மன்மோகன் சிங், பொருளாதாரக் கதவைத் திறந்துவிட்டதும் அதே 1991-ல்தான். வெளிநாட்டுச் சரக்கு என்றால் பர்மா பஜார் என்று இருந்த காலம் மாறத் தொடங்கியது. சரியான நேரத்தில் சரியான கட்டடம் வந்து நின்றது.

ஒரே மூச்சில் கட்டி முடிக்கவில்லை. மூன்று கட்டமாகக் கட்டினார்கள். முதல் இரண்டு கட்டங்கள் முந்தின, மூன்றாவது பிந்தியது. எல்லாம் சேர்த்து 10 லட்சம் சதுர அடிக்கு மேல். டெல்லியில் அன்சல் பிளாசாவும் பம்பாயில் கிராஸ்ரோட்ஸும் 1999-ல்தான் வந்தன. அதற்கு எட்டு ஆண்டு முன்பே சென்னை முந்திக்கொண்டது. இந்தியாவின் முதல் மால் ஸ்பென்சர்தான் என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எஸ்கலேட்டரில் ஏறிய ஊர்

அப்போது "மால்" என்ற சொல்லே யார் வாயிலும் இல்லை. "ஸ்பென்சருக்குப் போறோம்" என்பார்கள். அவ்வளவுதான்!

வெயில் மண்டையைப் பிளக்கும் சித்திரை மாதம். உள்ளே காலை வைத்தால் ஜிலுஜிலு என்று குளிர். டிக்கெட் உண்டா? கிடையாது! எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுற்றலாம். காசு கொடுக்காமல் ஏர் கண்டிஷன் என்பது சென்னைக்குப் புதுசு.

அடுத்த அதிசயம் எஸ்கலேட்டர். நகரும் படிக்கட்டு! சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைக்கத் தயங்கிய அம்மாக்கள் எத்தனை பேர்! "பயப்படாதீங்கம்மா, கைப்பிடியைப் பிடிச்சிக்குங்க" என்று பிள்ளைகள் தைரியம் சொல்வார்கள். அம்மா ஏறிவிடுவார். இறங்கும்போதுதான் தவிப்பு. பிள்ளைகளோ ஏறுவதும் இறங்குவதுமாக நாலு தடவை போய்வருவார்கள்.

பழைய ஸ்பென்சரில் விலை தடுத்த அதே ஜனங்கள், புதிய ஸ்பென்சரில் உரிமையோடு நடந்தார்கள். காலேஜ் மாணவர்கள், ஆபீஸ் முடித்து வந்த கிளார்க்குகள், வெளியூரில் இருந்து வந்த உறவினர்கள் என்று சகலரும் வந்தார்கள். வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். துரையாக அல்ல, டூரிஸ்டாக! காஷ்மீர் வியாபாரிகள் கம்பளம், சால்வை, கைவினைப் பொருள் கடைகளைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள்.

பாட்டு கேசட்டுக்கும் சி.டி.க்கும் "மியூசிக் வேர்ல்டு". புத்தகத்துக்கு "லேண்ட்மார்க்". வாட்ச், செருப்பு, சட்டை, கைப்பை, பர்ஸ் என்று சின்னச்சின்னக் கடைகள். பெரிய கடையில் விலை ஒட்டி இருக்கும். சின்னக் கடையில் பேரம் நடக்கும். ஒரே கூரைக்குள் பழைய ஸ்பென்சரும் இருந்தது. மூர் மார்க்கெட்டும் இருந்தது என்றே சொல்லலாம்.

போட்டி வந்தது

நல்ல காலம் நிலைக்குமா?

2006-ல் ராதாகிருஷ்ணன் சாலையில் சிட்டி சென்டர் வந்தது. அடுத்து அமைந்தகரையில் ஸ்கைவாக். 2010-ல் ராயப்பேட்டையில், பழைய எக்ஸ்பிரஸ் எஸ்டேட் இடத்தில், எக்ஸ்பிரஸ் அவென்யூ. இது ஸ்பென்சருக்கு நடந்துபோகிற தூரம்! 2013-ல் வேளச்சேரியில் பீனிக்ஸ், வடபழனியில் விஜயா மால். 2018-ல் அண்ணா நகர்ப் பக்கம் வி.ஆர். மால்.

இவற்றில் இருந்து ஸ்பென்சரில் இல்லாதது என்ன? சினிமா தியேட்டர்!

புதிய மால்காரர்களின் கணக்கு இது: மேல் மாடியில் தியேட்டரை வை. படம் பார்க்க வருகிறவன் எல்லா மாடியையும் தாண்டித்தான் போக வேண்டும். போகும்போது ஒரு சட்டையைப் பார்ப்பான். வரும்போது பசிக்கும், அதே மாடியில் சாப்பாட்டுக் கடைகளை வரிசையாக வை. தியேட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை காட்சியோ, அத்தனை தடவை மாலுக்குள் புதுக்கூட்டம் வரும்.

ஸ்பென்சர் கட்டியபோது இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. தியேட்டர் என்றால் தேவி, ஆனந்த், சபையர் என்று அதே மவுண்ட்ரோடில் தனியாக நின்ற காலம் அது. கடைக்குள் எதற்குத் தியேட்டர்?

அடி மேல் அடி விழுந்தது. பாட்டு செல்போனுக்குள் போய்விட்டது, சி.டி. கடைக்கு வேலை இல்லை. மியூசிக் வேர்ல்டு 2013-ம் ஆண்டோடு மூடியது. லேண்ட்மார்க்கும் போயிற்று. மெட்ரோ ரயிலுக்காக அண்ணா சாலையைத் தோண்டினார்கள். ஆண்டுக்கணக்கில் தடுப்பு, ஒருவழிப் பாதை, சுற்றிப்போகிற பஸ். 2020-ல் கொரோனா வந்து எல்லாக் கடைக்கும் பூட்டுப் போட்டது. எல்லா மாலும்தான் மூடிக் கிடந்தது. ஆனால் திறந்த பிறகு தியேட்டர் இருந்த மால்களுக்குக் கூட்டம் திரும்பியது.

ஒரு கூரை, பல முதலாளி

"சரி, ஸ்பென்சரிலும் ஒரு தியேட்டர் கட்டிவிட்டால் என்ன?"

இங்கேதான் முடிச்சு இருக்கிறது.

எக்ஸ்பிரஸ் அவென்யூ போன்ற புதிய மாலில் கடைகளை விற்பது இல்லை. வாடகைக்கு விடுவார்கள். முதலாளி ஒருவரே. எந்த மாடியில் எந்தக் கடை, எங்கே சாப்பாடு, எங்கே தியேட்டர் என்று அவரே முடிவு செய்வார். வியாபாரம் டல்லடிக்கிற கடையா? ஒப்பந்தம் முடிந்ததும் "போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு வேறு கடையைக் கொண்டுவருவார். நாலு சுவரை இடித்து ஒரே பெரிய கடை ஆக்குவார். யாரையும் கேட்க வேண்டியது இல்லை.

ஸ்பென்சர் அப்படி அல்ல. அங்கே பல கடைகளைத் தனித்தனியாக விற்றுவிட்டார்கள். பிளாட் வீடு வாங்குகிற மாதிரி! பத்திரம் பதிந்து, பணம் கொடுத்து, கடையைச் சொந்தமாக வாங்கியவர்கள் பலர். சிலர் தாங்களே கடை நடத்தினார்கள். சிலர் வாடகைக்கு விட்டார்கள். சிலர் முதலீடாக வாங்கிப் போட்டுவிட்டு வெளியூருக்குப் போய்விட்டார்கள்.

1991-ல் இது தப்பான யோசனையே அல்ல. கட்டுகிறவருக்குக் கையில் பணம் வேண்டும், கடைகளை விற்றார். சின்ன வியாபாரிக்கு மவுண்ட்ரோடில் சொந்தக் கடை என்பது கனவு, வாங்கினார். "வாடகை குடுத்து மாளலை. நமக்குன்னு ஒரு கடை இருந்தா யாரும் எழுப்ப முடியாது" என்பதுதான் எந்த வியாபாரியும் நினைப்பது. மூர் மார்க்கெட்டைப் பார்த்த ஊர் அல்லவா இது!

உண்மைதான். யாரும் எழுப்ப முடியாது. ஆனால் அதே காரணத்தால் யாரும் எதையும் மாற்றவும் முடியாது!

பூட்டிய கடையின் பாரம்

வியாபாரிகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு சின்னக் கணக்கு.

ஒரு வளாகத்தில் 100 கடை என்று வைத்துக்கொள்வோம். ஏர் கண்டிஷன், லிப்ட், எஸ்கலேட்டர், ஜெனரேட்டர், வாட்ச்மேன், துப்புரவு எல்லாம் சேர்த்து மாதம் 1 லட்சம் ரூபாய் செலவு. தலைக்கு 1,000 ரூபாய்.

40 கடை மூடிவிட்டது. அந்தச் சொந்தக்காரர்கள், "வியாபாரமே இல்லை, எதுக்குப் பணம்?" என்று கையை விரித்துவிட்டார்கள். ஆனால் ஏர் கண்டிஷன் மிஷினுக்கு அது தெரியுமா? செலவு அதே 1 லட்சம். மீதி 60 கடைக்கும் தலைக்கு 1,666 ரூபாய் ஆகிவிடும்.

கட்ட முடியவில்லை என்றால்? ஏர் கண்டிஷனைக் குறைப்பார்கள். ஒரு எஸ்கலேட்டரை நிறுத்துவார்கள். பாதி விளக்கை அணைப்பார்கள். வருகிற வாடிக்கைக்காரர், "என்ன, ஒரே புழுக்கமா இருக்கு" என்று அடுத்த தடவை வேறு மாலுக்குப் போவார். இன்னும் 10 கடை மூடும். தலைக்கு 2,000 ரூபாய் ஆகும்!

இது ஸ்பென்சருக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. கடைகளைத் துண்டு துண்டாக விற்ற எந்த வளாகத்துக்கும் வரக்கூடிய நோய். எழும்பூர், தியாகராய நகர், புரசைவாக்கம் என்று பல வளாகங்களின் மேல் மாடிக்குப் போய்ப் பாருங்கள். கீழே ஜேஜே என்று கூட்டம் இருக்கும். மாடியில் பாதி ஷட்டர் இறங்கி இருக்கும்.

இடித்துக் கட்டலாமா?

வழிகள் இல்லாமல் இல்லை. எல்லாவற்றிலும் ஒரு சங்கடம் இருக்கிறது.

ஒன்று: பணக்காரர் ஒருவர் வந்து எல்லாக் கடைகளையும் விலைக்கு வாங்கிவிடுவது. ஆனால் நூறு பேர் சம்மதித்து ஒரு பேர் "என் கடையைத் தர மாட்டேன்" என்றால் என்ன செய்வது? அந்த ஒரு கடை நடு மாடியில் இருந்தால் என்ன செய்வது? கடைசியாக விற்கிறவனுக்குத்தான் அதிக விலை கிடைக்கும் என்று எல்லாரும் கடைசி ஆளாகவே இருக்கப் பார்ப்பார்கள்!

இரண்டு: சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, கடைகளை ஒரே நிர்வாகத்தின் கையில் ஒப்படைத்து, வருகிற வாடகையைச் சதுர அடிக் கணக்கில் பிரித்துக்கொள்வது. நல்ல யோசனைதான். ஆனால் வாசல் பக்கத்துக் கடைக்காரரும் மூலைக் கடைக்காரரும் ஒரே பங்குக்கு ஒப்புக்கொள்வார்களா? "எனக்கு நல்லா ஓடுது. நான் ஏன் சேரணும்?" என்று ஓடுகிற கடைக்காரர் கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

மூன்று: கடையாக ஓடாத மாடிகளை ஆபீசாக மாற்றுவது. ஸ்பென்சரின் மேல் மாடிகளில் ஆபீஸ்கள் இயங்குவது ஊர் அறிந்தது. ஆபீசுக்கு ஆள் வந்தால், மதியம் சாப்பாட்டுக் கடைக்கும் டீக்கடைக்கும் வியாபாரம் ஆகும். ஆனால் சாயங்காலம் குடும்பத்தோடு வருகிற கூட்டத்தை ஆபீஸ் கொண்டுவராது.

இடித்துக் கட்டுவது என்றால் அதற்கும் மேலே ஒரு கேள்வி. கட்டி முடிக்க மூன்று, நான்கு ஆண்டாவது ஆகும். அதுவரை கடைக்காரர் எங்கே போவார்? பெரிய கம்பெனி வேறு கிளையில் விற்றுக்கொள்ளும். பர்ஸும் பெல்ட்டும் விற்கிறவருக்கு வேறு கிளை ஏது? நான்கு ஆண்டு கழித்து வந்து பார்த்தால் அவருடைய வாடிக்கைக்காரர்கள் எங்கே இருப்பார்கள்? கடையில் வேலை பார்க்கிற பையன் எங்கே இருப்பான்?

புதிய கட்டடத்தில் இடம் கொடுத்தாலும், எந்த மாடியில் கொடுப்பார்கள்? கீழ்த்தளத்துக் கடைக்காரருக்கு ஐந்தாம் மாடியில் அதே சதுர அடியைக் கொடுத்தால் அது அதே கடை ஆகுமா? அல்லிக்குளத்துக்குப் போன மூர் மார்க்கெட் வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும்: கூப்பிடு தூரம் தள்ளிப் போனாலே வியாபாரம் மாறிவிடும்!

இடம் போகவில்லை

அப்படியானால் ஸ்பென்சர் அவ்வளவுதானா?

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலைக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. எல்.ஐ.சி. மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே ஸ்பென்சருக்கு வந்துவிடலாம். வண்ணாரப்பேட்டையில் இருந்தும் வரலாம். விமான நிலையத்தில் இருந்தும் வரலாம். சாலையைத் தோண்டி வியாபாரத்தைக் கெடுத்த அதே மெட்ரோ, இப்போது வாசல் பக்கம் ஜனங்களைக் கொண்டுவந்து இறக்குகிறது. 10 ஏக்கர் அங்கேயேதான் இருக்கிறது. மவுண்ட்ரோடும் எங்கேயும் போய்விடவில்லை.

உள்ளே இன்றும் கடைகள் இருக்கின்றன. மூடிய ஷட்டர்களுக்கு நடுவே விளக்கு எரிகிற கடைகள். தெரிந்த வாடிக்கைக்காரர்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள். புது மாலில் 2,000 ரூபாய் வாடகைச் சுமையும் சேர்த்து விற்கிற பொருளை, சொந்தக் கடையில் உட்கார்ந்து இருக்கிறவர் குறைத்துக் கொடுக்க முடியும். ஷோரூம் பளபளப்பு வேண்டாம், சாமான் நன்றாக இருந்தால் போதும் என்கிறவர்களுக்கு ஸ்பென்சர் இன்னமும் ஸ்பென்சர்தான்.

ஆகவே, பட்டணத்தில் ஒரு பழைய வளாகத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தால், எத்தனை மாடி, எத்தனை கோடி என்று மட்டும் பார்க்கக் கூடாது. அங்கே ஏற்கனவே உட்கார்ந்து இருக்கிறவரின் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வாடகை ரசீது இருந்தவர்களுக்கு மூர் மார்க்கெட் மிஞ்சவில்லை. பத்திரம் இருக்கிறவர்களுக்கு ஸ்பென்சர் மிஞ்சி இருக்கிறது. ஆனால் ஒருவரை ஒருவர் கட்டிப்போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். புதிய மாலில் ஒப்பந்தக் காகிதம் இருக்கிறது. அது எத்தனை ஆண்டுக்கோ, அத்தனை ஆண்டுக்குத்தான் கடை.

நீங்கள் ஒரு வளாகத்தில் கடை வாங்கப்போகிறவரா? கடையின் பத்திரத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பொதுச் செலவை யார் கட்டுவது, கட்டாதவரை என்ன செய்வது, நாளைக்கே கட்டடத்தை மாற்ற வேண்டும் என்றால் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதி இருக்கிறதா? அதையும் படித்துப் பாருங்கள்.

1983-ல் எரிந்த ஸ்பென்சர் எட்டே ஆண்டில் எழுந்து நின்றது. அப்போது முடிவு எடுக்க ஒரு கை போதுமாக இருந்தது. அடுத்த தடவை எழ வேண்டும் என்றால் எத்தனையோ கைகள் ஒன்று சேர வேண்டும். சேருமா?